கோயிலில் லைவ் ஓட்டுகிறவன் ஆராதனையில் இருக்கிறானா?

பாளைத்தம்பி கேட்டது:

அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். கோயிலில் யூட்யூப் லைவ் போடுவது ஊழியமா, இல்லை ஆராதனையிலிருந்து நழுவ எனக்குக் கிடைத்த நல்ல சாக்கா?

பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம் எங்களுடையது, அதாவது ஒரு போதகருக்குக் கீழே வருகிற சபை. போதகரை நாங்கள் ஐயர் என்போம். 2020 மார்ச்சில் கோயில் கதவை அடைத்தபோது ஆரம்பித்தது இது. அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 12, ஐயர் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கம் பண்ண, அவருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரின் மகன் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். கதவு திறந்த பிறகும் லைவ் நிற்கவில்லை, வளர்ந்துவிட்டது. இப்போது இரண்டு கேமரா, ஒரு லேப்டாப், சவுண்ட் மிக்ஸரிலிருந்து ஒரு வயர், அதன் நுனியில் நான்.

ஒரு ஞாயிறு எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். பாவ அறிக்கைக்கு எல்லாரும் முழங்காலில் இருக்கிறார்கள், நான் ஆடியோ மீட்டர் சிவப்புக்குப் போகிறதா என்று பார்க்கிறேன். நடுவில் கரண்டு போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் வைஃபை செத்துவிடும், போனில் ஹாட்ஸ்பாட் போட்டுத் திரும்ப இணைப்பதற்குள் சுவிசேஷ வாசிப்பு முடிந்திருக்கும். அப்பமும் ரசமும் வாங்குகிற நற்கருணைக்கு வரிசை வரிசையாக எழுந்து போகும்போது, முழங்காலில் இருக்கிறவர்கள் முகம் தெரியக் கூடாது என்று ஐயர் சொல்லியிருப்பதால் கேமராவை மேலே சிலுவைப் பக்கம் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பேன், கடைசி வரிசை திரும்புவதற்குள் ஐயர் பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நான் நற்கருணை எடுத்து மாதக்கணக்காகிறது. கோயிலில்தான் இருக்கிறேன், மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் வருகிறேன், ஒரு மணி நேரம் பின்னால் போகிறேன்.

இதில் என்ன உறுத்தல் என்றால், போன லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில், ஒரு கன்வென்ஷனில் ரோமர் 12:1 வைத்துப் பேசினார்கள், சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுக்கிற வசனம். கூப்பிட்டபோது நானும் எழுந்து முன்னால் போனேன், மனசாரத்தான் போனேன். அப்புறம் யூவெர்ஷன் ஆப் போட்டேன். அது தினமும் வேதம் வாசித்த நாட்களை விடாமல் எண்ணிக் காட்டும். இப்போது ராத்திரி படுக்கிறதுக்கு முன்னால் அந்த எண்ணிக்கை அறுந்துவிடக் கூடாதே என்று ஒரு வசனத்தைத் தட்டிவிட்டுத் தூங்குகிறேன். வாலிபர் சங்கத்தில் செய்தி கொடுக்கிறவர்களில் பாதிப்பேர் சாட்ஜிபிடியைக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள், நன்றாகவே இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

லைவை விட்டுவிடட்டுமா? விட்டால் செய்ய ஆள் இல்லை என்கிறார்கள். பெரியவர்கள் சொல்லுங்கள்.

---

தேரிக்காட்டு அண்ணாச்சி:

தம்பி, முதலில் ஒரு காரியம். நற்கருணை எடுக்காமல் மாதக்கணக்கில் இருக்கிறாய் என்பதை இங்கே எழுதுவதற்கு முன்னால் உங்கள் ஐயரிடம் சொல்லியிருக்க வேண்டும். மேடையிலிருந்து பார்க்கிற அவர் கண்ணில் இது படாமல் போனதும் எனக்கு ஆச்சரியம்தான். பாட்டுக்குழு முதலில் எடுக்கிறது இல்லையா, அதோடு நீயும் போ. அந்தச் சில நிமிடம் கேமரா சும்மா நிற்கட்டும், ஒன்றும் ஆகாது.

மெஷின் வந்ததால் பக்தி போயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். நம் பக்கத்துச் சபைகளே அச்சு மெஷினால் வளர்ந்த சபைகள். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சுப் போட்டார். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து 1838-இல் இறக்கிறவரைக்கும் ஊர் ஊராய்ச் சபை கட்டினது மட்டுமில்லை, உட்கார்ந்து எழுதினதும் மொழிபெயர்த்ததும் ஏராளம். அப்புறம் ரேடியோ. என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் ராத்திரி சிற்றலையில் செய்ஷல்ஸ் தீவிலிருந்து வருகிற ஃபேபா என்கிற கிறிஸ்தவ வானொலி நிலையத்தைப் பிடிக்க அப்பா திருகு குமிழைத் தலைமுடி அகலத்துக்கு நகர்த்திக்கொண்டே இருப்பார், கரகரப்புக்கு நடுவில் ஒரு பாட்டு கேட்டால் போதும், எங்கள் ஆத்தா கண்ணை மூடிவிடுவாள். ரேடியோ முன்னால் உட்கார்ந்தால் கோயிலுக்குப் போக வேண்டாம் என்று மட்டும் அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

யோவான் தன் இரண்டாம் நிருபத்தை முடிக்கிற இடத்தைப் பார். எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, ஆனால் "காகிதத்தினாலும் மையினாலும்" எழுத மனதில்லை, வந்து முகமுகமாய்ப் பேசலாமென்று நம்பியிருக்கிறேன் என்கிறார். சொன்னது என்னவோ காகிதத்தில்தான். காகிதம் வேண்டாம் என்று தூக்கிப் போடவும் இல்லை, காகிதம் போதும் என்று இருந்துவிடவும் இல்லை.

இன்னொன்று. டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாள் 1931-இல் விழுந்து அடிபட்டவர், 1951-இல் இறக்கிறவரைக்கும் பெரும்பாலும் ஒரே அறையில் படுக்கையில்தான் இருந்தார். அந்த இருபது வருடமும் அங்கேயிருந்து எழுதிக்கொண்டே இருந்தார், கடிதமும் புத்தகமுமாக. வர முடியாதவர்களுக்கு எழுத்தும் ரேடியோவும் உன் லைவும் ஒரு கதவு. நீ வர முடிந்தவன். வந்தும் இருக்கிறாய். அப்புறம் ஏன் வர முடியாதவனைப்போல ஸ்கிரீன் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?

---

சந்தேகத்தோமா:

அண்ணாச்சி சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். மீதிக்கு வருகிறேன்.

யாருக்காக இந்த லைவ் என்று முதலில் கேளுங்கள். வீட்டில் படுத்திருக்கிற பாட்டிமாருக்கு என்று கமிட்டியில் சொல்வார்கள். பாட்டிக்கு யூட்யூப் திறக்கத் தெரியாது, பேரன் திறந்து கொடுக்க வேண்டும், பேரன் லைவ் பார்க்கிறேன் என்று அவனே கோயிலுக்கு வராமல் வீட்டில் இருப்பான். உண்மையில் பல இடங்களில் பக்கத்துச் சேகரத்தைவிட நமக்கு சப்ஸ்கிரைபர் கூட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கைப் பொருளை ஏலம் விடும்போது ஒரு பூசணிக்காய் எவ்வளவுக்குப் போனது என்பதைவிட எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் இப்போது பேச்சு.

தம்பி, உன் சேனலுக்குள்ளே போய் அனலிடிக்ஸைத் திற. எந்த நிமிடத்தில் ஆள் குறைகிறது என்று கோடு போட்டுக் காட்டும். எங்கள் கோயிலில் நான் பார்த்திருக்கிறேன், பாட்டுக்கு ஏறுகிற கோடு பிரசங்கம் ஆரம்பித்ததும் தேரி மணல் சரிகிற மாதிரி சரியும். இதைப் பார்த்துவிட்டு ஒருத்தர் "பிரசங்கத்தைச் சுருக்கலாமே ஐயரே" என்றார். பிரசங்கம் நீளம் என்பது வேறு விஷயம், அதை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு கோட்டைப் பார்த்து ஆராதனை முறையை வெட்டுவது என்றால் அந்த ஆராதனை யாருக்கு நடக்கிறது?

இதைவிடக் கூத்து, நூறு வருடத்துக்கு மேலாக நாம் பாடுகிற ஒரு கீர்த்தனைக்கு ஏதோ ஒரு இசை நிறுவனம் காப்பிரைட் கேட்டு நோட்டீஸ் வந்தது. எங்கள் பாட்டுக்குழு பாடியதற்கு. முறையீடு போட்டு அதை நீக்க எத்தனை நாள் அலைந்தோம் தெரியுமா. அந்த நேரத்தில் படுத்திருக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் உட்கார்ந்து ஜெபம் பண்ணியிருக்கலாம்.

அதுதான் என் முக்கியக் குறை. லைவ் வந்த பிறகு வீட்டுச் சந்திப்பு குறைந்துவிட்டது. முன்பெல்லாம் ஆராதனை முடிந்ததும் ஐயர் சின்னப் பெட்டியில் அப்பமும் ரசமும் எடுத்துக்கொண்டு, உபதேசியார் குடையோடு பின்னால் வர, நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குப் போய் நற்கருணை கொடுப்பார். இப்போது "நீங்கள்தான் லைவ் பார்க்கிறீர்களே பாட்டி" என்கிறார்கள். பாட்டிக்கு வேண்டியது படம் இல்லை, ஆள்.

என்னைக் கேட்டால் நிறுத்து. யாருக்குக் குறை வருகிறதோ அவர்கள் வாய் திறப்பார்கள், அப்போது தெரியும் அது யாருக்கு என்று.

---

நாசரேத்து நர்ஸ்:

வாய் திறக்கிறேன் தோமா அண்ணே.

நாசரேத் பக்கம் வீட்டுக்கு ஒரு நர்ஸ் என்பார்கள், அதில் ஒருத்தி நான், சவூதியில் இருக்கிறேன். இங்கே கோயில் கிடையாது, வெளிப்படையாக நாலு பேர் கூடி ஜெபம் பண்ணவும் முடியாது. நம் ஊரில் காலை எட்டரை ஆராதனை என்றால் எனக்கு ஆறு மணி. நைட் ட்யூட்டி முடிகிற நேரம். ரூமுக்கு வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்காருவேன், கூட இருக்கிற பிள்ளைகள் தூங்குவார்கள் என்பதால் பாட்டுக்கு வாய் மட்டும் அசையும். எங்கள் ஊர்க் கோயிலில் ஃபேன் சுற்றுகிற சத்தம், யாரோ ஒரு குழந்தை அழுகிற சத்தம், அதற்கு யாரோ உஷ் என்கிற சத்தம் எல்லாம் கேட்கும். பெரிய பெரிய ஊழியக்காரர்கள் சேனல் ஆயிரம் இருக்கிறது, சுத்தமான ஆடியோ, நாலு கேமரா. அதெல்லாம் எனக்கு வேண்டாம். எங்கள் அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பதைக் கேமரா ஒரு தடவை காட்டினால் போதும்.

அதனால் நிறுத்து என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். உங்களுக்குக் கோயில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஆனால் தம்பி, நான் ஒன்று சொல்வேன். எபிரெயர் 10:25, சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்கிற வசனம், அதை நான் இங்கே உட்கார்ந்துதான் புரிந்துகொண்டேன். லைவ் பார்த்து முடித்ததும் மனசு நிறைவதில்லை, ஊருக்குப் போகணும் என்கிற ஏக்கம்தான் கூடுகிறது. அது நல்லது என்றே நினைக்கிறேன். லீவில் வந்தால் முதல் ஞாயிறு நற்கருணைக்கு முழங்காலில் நிற்கும்போது கை நடுங்கும் எனக்கு. உனக்கு அது பத்தடி தூரத்தில் இருக்கிறது, வயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். எனக்காக நிற்கிறாய் என்றால் தயவுசெய்து நிற்காதே. நற்கருணை நேரத்தில் எனக்குக் காட்ட ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பேன்.

---

உவரிக்காரி:

நான் ஆர்சி (ரோமன் கத்தோலிக்கம்), குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு இதில் கொஞ்சம் தெளிவு உண்டு. வத்திக்கானிலிருந்து 2002-இலேயே திருச்சபையும் இணையமும் பற்றி ஒரு ஏடு வந்தது, இணையத்தில் அருட்சாதனங்கள், அதாவது திருச்சபையின் புனிதச் சடங்குகள், இல்லை என்று அதில் சொல்லிவிட்டார்கள். குருவிடம் பாவத்தை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனம் போனில் செய்ய முடியாது, திவ்விய நற்கருணை ஸ்கிரீன் வழியாக வராது. லாக்டவுனில் டிவியில் பூசை பார்த்தோம், ஜெபித்தோம், ஆனால் நற்கருணை வாங்கினதாக யாரும் நினைத்துக்கொள்ளவில்லை.

அதற்காக டெக்னாலஜிக்கு நாங்கள் எதிரியும் இல்லை. நோயில் படுத்திருந்த புனித கிளாரா கிறிஸ்துமஸ் பூசைக்குப் போக முடியாமல் அறைச் சுவரிலேயே அதைக் கண்டார் என்று சொல்வார்கள், அதை வைத்துத்தான் 1958-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) அவரைத் தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி ஆக்கினார். கவனியுங்கள், நோயாளி. 2025 செப்டம்பர் 7-இல், கார்லோ அகுதிஸ் என்கிற பையனுக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள், 2006-இல் பதினைந்து வயதில் இரத்தப் புற்றுநோயில் இறந்தவன், நற்கருணைப் புதுமைகளைப் பற்றி வெப்சைட் செய்தவன். எல்லாரும் வெப்சைட்டைத்தான் பேசுகிறார்கள், அவன் தினமும் பூசைக்குப் போனதை யாரும் பேசுவதில்லை. பாளைத்தம்பிக்கு இதில் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அச்சு பற்றி அண்ணாச்சி சொன்னார். அதற்கும் முன்னால் எங்கள் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்கிற தமிழ் மறைக்கல்விப் புத்தகத்தை அச்சிட்டார், பதினாறே பக்கம். சும்மா சொல்லி வைக்கிறேன், சண்டைக்கு இல்லை!

எங்கள் ஊர்ப் பக்கம் படகில் ஜிபிஎஸ் வந்தது, வயர்லெஸ் வந்தது, மீன் எங்கே நிற்கிறது என்று காட்டுகிற கருவியும் வந்தது. இருந்தும் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. டீசல் விலை, கடன், மீன்பாடு எல்லாவற்றையும் மீறி அந்த ஒரு நாள் படகு கரையில் கிடக்கும். ஆண்டவருக்குக் கொடுத்தது என்று நான் அதைத்தான் சொல்வேன். ஆப்பில் எண்ணிக்கை ஏறுவதற்கு எனக்கு என்ன செலவு?

---

தேரிக்காட்டு அண்ணாச்சி:

உவரிக்காரியம்மா, பதினாறு பக்கத்துக்குத் தலை வணங்குகிறேன்.

செலவு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினபோது வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் ஜனமே கொடுக்கட்டும் என்று தொடங்கினார்கள், வெள்ளாளன்விளைக்காரர் அசரியா அதில் முன்னால் நின்றவர், பின்னால் தோர்ணக்கல் பேராயரானார். நம் சபைகளில் பெண்கள் உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாக ஒரு பானையில் போட்டு வைப்பார்களே, அந்தப் பிடி அரிசி. பஞ்ச காலத்திலும் எடுத்து வைத்தவர்கள் உண்டு. இன்றைக்குக் கோயில் பெஞ்சில் கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறது, நானும் அதில்தான் போடுகிறேன், வசதிதான். ஆனால் காணிக்கைப் பை வரும்போது கையில் ஒன்றும் இல்லாமல் அடுத்தவருக்கு நகர்த்திவிட்டு உட்காருகிற என் பேரப்பிள்ளை, தாத்தா காணிக்கை போட்டதை ஒருநாளும் பார்த்ததில்லை. அதனால் அவனுக்கு மட்டும் நாணயம் கொடுத்து அனுப்புகிறேன்.

தோமா சொன்ன வீட்டுச் சந்திப்பு விஷயத்தை நான் முழுசாக ஒத்துக்கொள்கிறேன். லைவை நிறுத்தினால் சந்திப்பு தானாகத் திரும்பி வந்துவிடும் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. சோம்பல் வேறு சாக்கு தேடும்.

---

மெஞ்ஞானபுரம் பேத்தி:

சாட்ஜிபிடி பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. நான் ஓய்வுநாள் பள்ளி டீச்சர், நானும் உபயோகிக்கிறேன், எதற்கு என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு வினாடி வினா கேள்வி தயாரிக்க, ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று தேட. முன்பு ஒத்தவாக்கிய அகராதியைத் தூக்கி வைத்துப் புரட்டின வேலை. அதிலும் வசன இலக்கத்தை வேதத்தைத் திறந்து சரிபார்க்காமல் விடுவதில்லை, ஏனென்றால் இல்லாத வசனத்தைக்கூட அதிகாரம் வசனம் போட்டுக் கொஞ்சமும் கூசாமல் கொடுக்கும்.

ஆனால் செய்தியை எழுதித் தா என்பதும் ஜெபத்தை எழுதித் தா என்பதும் எனக்கு ஒப்பவில்லை. மற்றவர்கள் எழுதி வைத்த ஜெபத்தைத்தானே ஆராதனைப் புஸ்தகத்திலிருந்து வாராவாரம் வாசிக்கிறோம் என்று எங்கள் வாலிபர் சங்கத்தில் ஒரு தம்பி மடக்கினான். நல்ல கேள்வி, எனக்கும் உடனே பதில் வரவில்லை. அப்புறம் சொன்னேன், அந்த ஜெபத்தை யாரோ ஒருத்தர் முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு எழுதினார், சபை அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிப் பார்த்து வைத்துக்கொண்டது. மெஷின் யாரிடமும் ஜெபிக்கவில்லை. நீ மேடையில் நின்று அதை வாசிக்கும்போது அங்கே ஜெபித்தது யார்? அவன் "அப்போ நான் ஜெபித்துவிட்டு மெஷினிடம் கேட்டால்?" என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகளோடு முடியாது.

ஆப் விஷயத்துக்கு எளிய வழி, செட்டிங்ஸில் போய் நினைவூட்டலை அணைத்துவிட்டு ஒருநாள் வேண்டுமென்றே அந்த எண்ணிக்கையை அறுத்துவிடு தம்பி. அன்றைக்கு அச்சு வேதாகமத்தில் வாசி. மத்தேயு 6-இல் அறைவீட்டுக் கதவைப் பூட்டச் சொன்ன ஆண்டவர் உன் எண்ணிக்கையைக் கேட்கமாட்டார். ஆறாவது வசனம், இதையும் திறந்து சரிபார்த்துக்கொள்.

---

பாளைத்தம்பி:

எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா எழுதினதை எங்கள் ஐயருக்கு அப்படியே காட்டினேன். நான் நற்கருணைக்கு வராததைக் கவனித்ததாகவும், வேறு சபைக்குப் போகிறேனோ என்று நினைத்துக் கேட்கத் தயங்கினதாகவும் சொன்னார். இருவருமே ஒரே கட்டடத்துக்குள் இருந்துகொண்டு!

லைவை நிறுத்துவதில்லை என்று முடிவு. மூன்று பேர் முறை வைத்துப் பார்க்கிறோம், உபதேசியார் மகனும் ஒரு பிளஸ் டூ பிள்ளையும் வருகிறார்கள். நற்கருணை நேரத்தில் லைவை என்ன செய்வது என்பதில்தான் சிக்கல், கமிட்டியில் ஒருத்தர் அதை நிறுத்தினால் ஆள் போய்விடும் என்கிறார். வீட்டுச் சந்திப்பு பற்றித் தோமா அண்ணன் சொன்னதையும் கேட்டேன், ஐயர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் லைவ் மட்டும் பார்க்கிற பெரியவர்கள் பெயரை எழுதித் தரச் சொன்னார்.

---

சந்தேகத்தோமா:

எழுதிக் கொடு, கொடுத்த பிறகு மாதம் ஒருமுறை கேள். ஆள் போய்விடும் என்கிறவரிடம், போகட்டும், கோயிலுக்குத்தானே வருவார்கள் என்று சொல்.

---

தேரிக்காட்டு அண்ணாச்சி:

சிக்கல் ஒன்றுமில்லை தம்பி. ஓபிஎஸ் (OBS) மென்பொருளில்தானே ஓட்டுகிறாய்? ஒரு தனி சீன் போட்டு வை. அதில் வர முடியாதவர்கள் சொல்லிக்கொள்ள ஒரு ஜெபம், இன்றைய வேதபாடம் எங்கே என்கிற குறிப்பு, அவ்வளவு. ஐயர் அழைப்புச் சொன்னதும் அதற்கு மாற்று, மிக்ஸரில் பாட்டுக்குழு மைக்கை மட்டும் திறந்து வை, மற்றதை அடை. பாட்டு போய்க்கொண்டிருக்கும், லைவும் அறாது. இறங்கிப் போய் வரிசையில் நின்றுகொள். அந்த மிக்ஸர் வயரில் இரைச்சல் வருகிறதா என்று சொல், வந்தால் நடுவில் இரைச்சலைத் தடுக்கிற ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட வேண்டியிருக்கும், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஆடியோ கடைகளில் கேட்டுப் பார்.